கோணல் வட்டம்

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய சட்டைப் பையில் இருந்த ஒரு மஞ்சள் அட்டைதான். கோயம்புத்தூர் ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களிடம் கொடுக்கும் அட்டை. வெளியே வரும்போது வாசலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் கொடுக்காமலே வந்துவிட்டிருந்தார். அதைப் பையில் வைத்தபடியே, தன் மாட்டுக்கொட்டகையின் அடிச்சுவருக்குள் கடப்பாரையை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். காலை வெயில் அவர் முதுகில் விழுந்து சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு மூலைத்தூண் கிட்டத்தட்ட அந்தரத்தில் நின்றது. மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார். அவையும் என்னைப் போலவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. "கொட்டாய் சாஞ்சுருமுங்க மாமா" என்றேன். அவர் திரும்பவில்லை. "சாயட்டும் மாப்ள. இதுக்கடியில ரெண்டு கல்லு கெடக்குது. அது வேணும்" என்றார்.

அவர் என் அக்காவின் கணவர். கேரள எல்லைக்குள் வடகரப்பதிப் பக்கம் கரிமண் காட்டில் நிலக்கடலையும் தென்னையும் வைத்து விவசாயம் செய்கிறவர். நான் அதே பஞ்சாயத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்ததை வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. காரணம் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட இடம் மாற்றாத மனிதர் அவர். சாமி இல்லை என்று வாதம் செய்கிறவர் அல்ல. மாரியம்மன் நோம்பிக்கு வருவார், திருநீறு வாங்கிக்கொள்வார். ஆனால் ஒரு சங்கதியை யாராவது மர்மமாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. போர் போட இடம் பார்க்கத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காட்டைச் சுற்றி வந்தபோது, "தேங்கா நிமுந்தா கீழ தண்ணி இருக்குதுன்னா, தேங்காக் கடைக்காரன் ஊட்டுல எப்பவும் வெள்ளந்தானுங்க நிக்கோணும்" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்தார். அக்கா சமையலறையை வடக்குப் பார்த்து மாற்றலாம் என்று கேட்டபோது, பக்கத்துத் தோட்டத்தில் அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது, அவர்கள் என்ன கெட்டுப்போனார்கள் என்று கேட்டார். அக்கா அதோடு விட்டுவிட்டாள்.

அவருடைய காட்டின் கிழக்கு மூலையில் ஒரு கல்வட்டம் இருந்தது. ஆள் இடுப்பளவு உயரத்தில் உருண்டைப் பாறைகள் வளைவாக நிற்கும். நடுவில் மண் மேடாக இருக்கும். ஊரில் அதைப் பாண்டியன் குழி என்பார்கள். எந்தப் பாண்டியன் என்று யாருக்கும் தெரியாது. பழங்காலத்தில் செத்தவர்களைப் பானையில் வைத்துப் புதைத்த இடம் என்று மாமா எங்கோ படித்திருந்தார். அதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை இல்லை. ஏர் ஓட்டும்போது சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருடைய ஒரே குறை.

அது அப்படி நின்ற காலத்தில்தான் ஒருவர் அதைத் தேடிக்கொண்டு வந்தார், நாங்கள் சித்திரபுரத்துக்காரர் என்று சொல்கிறவர். மூணாறுக்குக் கீழே சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்து, அந்த வாரியத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறையூர்ப் பக்கம் மலைமேல் முனியறை என்று சொல்லுகிற பழைய கல்லறைகள் இருக்கின்றன. பலகைப் பாறைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடி போல வைத்திருப்பார்கள். அவற்றை வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்து, அங்கிருந்து கோடு இழுத்துக்கொண்டே எங்கள் பக்கம் வரை வந்து சேர்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, எப்போதும் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். எங்கள் வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. செல்போனில் ஒரு படம் காட்டினார். மாமாவின் கல்வட்டம் அதில் காம்பஸ் வைத்து இழுத்த மாதிரி அச்சு அசலாக இருந்தது. அதற்குள் நட்சத்திரம் போல முக்கோணங்கள். ஒரு கோடு சூரியன் உதிக்கும் திசைக்குப் போனது, இன்னொன்று மறையூருக்கு. "இந்த மூணு இடத்தையும் சேத்தா ஸ்ரீசக்கரத்துல உள்ள முக்கோணம் வருது சார். சும்மா வச்சிருப்பாங்களா? இதுல ஏதோ பொதிஞ்சு வச்சிருக்காங்க" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு வாத்தியார் வாய். "எந்த மூணு இடத்த எடுத்தாலும் முக்கோணம் வருமுங்க சார். ஒரே கோட்டுல இல்லாம இருந்தாப் போதும். என்ற ஊடு, பஸ் ஸ்டாப்பு, டீக்கடை மூணையும் சேத்துப் பாருங்க" என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மாலை வரை அந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு கல்லிலும் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது, "ஒன்னும் பண்ணிராதீங்க சார் இத" என்று மட்டும் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மாமா சொட்டுநீர்க் குழாய் பதிக்க நிலத்தைச் சமப்படுத்தினார். ஜேசிபி வந்து ஒரு முற்பகலில் வட்டத்தைக் கலைத்துவிட்டது. மேட்டையும் கற்களையும் தள்ளி நிலத்தை மட்டமாக்கினார்கள். பனைமரத்துக்கும் முள்வேலிக்கும் நடுவே இயந்திரத்தின் கை நுழையாத இடத்தில் இருந்த மூன்று கற்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. மற்றவற்றில் சில வரப்போரம் போயின. சிலவற்றை வாய்க்காலைத் தாண்டப் படியாகப் போடுவதற்குப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கற்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மாட்டுக்கொட்டகைக்கு அடியில் போயின. சித்திரபுரத்துக்காரருக்கு யார் சொன்னார்களோ தெரியாது, சில நாளில் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். சமப்படுத்திய மண்ணை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "வட்டத்த உடைச்சுட்டீங்களே சார். உடைச்ச வீட்டுக்கு இது ஆகாது. பாத்துக்கிடுங்க" என்றார். மாமா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பஸ் ஏறப் போய்விட்டார். அன்று சாப்பிடும்போது மாமா அவரைப் போலவே குரலை மாற்றி, "பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக் காட்டினார். மகளுக்குச் சிரிப்பில் புரையேறி, அக்கா அவள் தலையில் தட்டினாள்.

அந்த மகள்தான் பாப்பா. ஒரே குழந்தை. அப்போது ஆறாம் வகுப்பு, என் பள்ளிக்கூடத்திலேயே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயாமல் அடிக்கிற மாதத்தில் ஒரு நாள், மத்தியானமே தலைவலி என்று என் மேசைக்கு வந்தாள். வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாந்தி எடுத்தாள். மறுநாள் காய்ச்சல் ஏறியது. கழுத்தை முன்னால் வளைக்க முடியவில்லை, வளைத்தால் அலறினாள். பிறகு கை கால் வெட்டி இழுத்தது. மாமா அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியபோது அவளுடைய ஒரு கால் அவர் தொடையில் அடித்துக்கொண்டே போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது நினைவு இல்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். மருந்து போய்க்கொண்டிருக்கிறது, மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறோம், இனி அவள் உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று காத்திருக்க வேண்டும் என்றார். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது எதனால வந்துச்சுங்க?" டாக்டர் கையை விரித்தார். சில சமயம் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியும், பல சமயம் முடியாது, பாப்பாவின் பரிசோதனைகளில் எதுவும் தெளிவாக வரவில்லை, இதற்குக் காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்றார். மாமா அதே கேள்வியை நர்சிடம் கேட்டார். வாசலில் இருந்த பாதுகாவலரிடம்கூடக் கேட்டார் என்று அக்கா பிறகு சொன்னாள். உள்ளே ஒருவர்தான் தங்கலாம். அக்கா தங்கினாள். மாமாவுக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும். மிச்ச நேரம் முழுக்க அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மாட்டைக் கவனிக்க வேண்டும் என்று அக்காதான் அவரை ஊருக்கு அனுப்பினாள். வாழ்க்கை முழுக்கக் காரணத்தைக் கேட்டே வாழ்ந்தவருக்கு, கேட்ட ஒரே இடத்தில் பதில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர் கண்ணில் பட்டது கிழக்கு மூலையில் நின்ற அந்த மூன்று கற்கள்தான்.

கொட்டகையை இடிக்க ஆரம்பித்த அன்று அவர் என்னிடம் கேட்டது இதுதான். "மூணு கல்லு எடத்துலயே இருக்குது மாப்ள. மூணு புள்ளி இருந்தா வட்டத்தோட நடு கண்டுபுடிக்கலாம்னு நீ பசங்களுக்குச் சொல்லித் தருவியல்ல. எனக்குக் கண்டுபுடிச்சுக் குடு." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத முகம். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "மாமா, நீங்களா இதச் சொல்றது?" என்றேன். "நாந்தான். கயிறு கொண்டா" என்றார்.

கயிறும் முளைக்குச்சியும் கொண்டுபோனேன். ஒன்பதாம் வகுப்புப் பாடம். இரண்டு கற்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு. இன்னொரு இரண்டு கற்களுக்கும் அப்படியே. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு. எத்தனையோ தடவை கரும்பலகையில் செய்து காட்டியதை அன்றைக்குக் கரிமண்ணில் மண்டியிட்டுச் செய்தேன். பாப்பாவுக்குப் பிடித்த பாடம் கணக்கு. வட்டத்தைச் சுண்ணாம்புப் பொடியால் வரைந்து முடித்தோம். மாமா அந்தக் கோட்டின் மேல் தோண்ட ஆரம்பித்தார். பழைய கற்கள் நின்ற குழிகளில் மண் கொஞ்சம் நிறம் வேறாக, இளகி இருக்கும். அதைக் கண்டுபிடித்து அந்தந்தக் குழியிலேயே கல்லை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு. ஆனால் குழிகள் என் கோட்டில் இல்லை. ஒன்று ஒரு முழம் உள்ளே தள்ளி இருந்தது. இன்னொன்று வெளியே. ஒரு பக்கம் நெருக்கி நெருக்கி, இன்னொரு பக்கம் வாய் பிளந்த மாதிரி இடைவெளி. என் கணக்கு தப்பில்லை. ஆதியிலேயே அது வட்டமாக இருக்கவில்லை. வைத்தவர்கள் கண்ணால் பார்த்து, தூக்க முடிந்த இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாமா விடியற்காலையில் எழுந்து வேலை செய்வார், மத்தியானம் பஸ் ஏறிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார், திரும்பி வருவார். டிராக்டரில் சங்கிலி கட்டிக் கற்களை இழுத்தார். வாய்க்கால் படியாகக் கிடந்த கல்லைக் கேட்டு ஒரு வீட்டு வாசலில் கைகூப்பி நின்றார். அந்த வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தானே பெயர்த்துக் கொடுத்தார். எல்லோருக்கும் பாப்பா விஷயம் தெரியும். இதற்கு நடுவில் எப்போதோ மாமா சித்திரபுரத்துக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். அவரும் கிளம்பி வந்துவிட்டார்.

அவர் வந்து நின்ற காட்சியை நான் மறக்க மாட்டேன். பாதி இடிந்த கொட்டகை. வெயிலில் கட்டிய மாடுகள். ஆளே அடையாளம் தெரியாத மாமா. சித்திரபுரத்துக்காரர் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அன்றுதான் அவருடைய நரைத்த தலையை முதல்முறையாகப் பார்த்தேன். குழிகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். பிறகு செல்போனில் தன் படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். "இது வட்டமே இல்ல. நான் போட்டோல இருந்து படம் போடும்போது நானே சரி பண்ணி வரைஞ்சிருக்கேன். இதுல திசையும் இல்ல, கோணமும் இல்ல."

"பரவால்லீங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே வெப்போம்" என்றார் மாமா.

"அது இல்ல சார். அன்னைக்கு ஒன்னு சொன்னேன்லா, உடைச்ச வீட்டுக்கு ஆகாதுன்னு. அது எங்கயும் எழுதி வைக்கல. யாரும் எனக்குச் சொல்லல. கல்லக் காணமேன்னு வயித்தெரிச்சல்ல வந்த வார்த்த. அதுக்காக நீங்க இப்படிப் பண்ணுதீங்களே, எனக்குத் தாங்கல. விட்ருங்க சார்."

மாமா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் குறுக்கே போனேன். அவர் அடிக்கவில்லை. "இப்ப வந்து மாத்திச் சொல்லாதீங்க" என்றார். குரல் எழும்பவே இல்லை. "அங்க போனா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்கறாங்க. கொஞ்சம் நின்னா நகருங்கறாங்க. என்ற கொழந்தைக்கு நான் ஒரு டம்ளர் தண்ணி குடுக்க முடியாதுங்க. டாக்டரு தெரியாதுங்கறாரு. நீங்க ஒருத்தருதான் இதனாலன்னு ஒண்ணு சொன்னீங்க. இதனாலன்னா நான் சரிபண்ணிப் போடுவேன். நீங்களும் இல்லீன்னு சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

சித்திரபுரத்துக்காரர் என்னைப் பார்த்தார். அவர் குல்லாயை மடித்துப் பைக்குள் வைத்தார், வேட்டியைத் தூக்கிக் கட்டினார், சங்கிலியின் ஒரு முனையை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கடைசிக் கல் நிற்கும் வரை எங்களோடு தங்கி வேலை செய்தார். மறைபொருளை நம்பியவர் நம்பிக்கை போன பிறகு கல் சுமந்தார். நம்பாத மாமா அந்த நம்பிக்கை கைநழுவிவிடுமோ என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுமந்தார். நான் எதற்குச் சுமந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கற்கள் எல்லாம் நின்ற மறுநாள் பாப்பா கண் திறந்தாள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அதற்கு முன்னாலேயே, பாதிக் குழிகள் வெறுமையாகக் கிடந்த நாளிலேயே, அவள் விரலை அசைத்ததை நர்ஸ் பார்த்திருக்கிறாள். அக்கா சொன்னதும் நான் மாமாவிடம் அதைச் சொன்னேன். "சேரி மாப்ள" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அப்போது குழந்தை கண் திறந்ததே போதுமாக இருந்தது. எதனால் என்று முதல்முறையாக அவர் கேட்கவில்லை. பாப்பா வீட்டுக்கு வர இன்னும் வெகுநாள் ஆயிற்று. வலது கால் இழுத்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து இறைத்த மாதிரி வந்தன. பிழைத்தாளே என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவாள்.

ஆட்கள் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். முதலில் ஊர்க்காரர்கள் சிலர் வந்து ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். எலுமிச்சம்பழம், அகல்விளக்கு, தொட்டில் கட்டச் சிவப்புத் துணி. வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், எந்தக் கல்லுக்கு எந்த நோய் என்றெல்லாம் யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி நாங்கள் கேள்விப்படாதவை. மாமா யாரையும் தடுக்கவும் இல்லை, யாரையும் வா என்று சொல்லவும் இல்லை. "வர்றவங்க மொகத்தப் பாத்தா ஒண்ணும் சொல்ல வாய் வர்றதில்ல மாப்ள" என்று ஒரு தடவை சொன்னார். சித்திரபுரத்துக்காரர் மட்டும் போன் செய்யும்போதெல்லாம் கேட்பார், "இன்னும் வர்றாங்களா சார்?" என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். சின்னப் பெண், இருபது வயதைத் தாண்டியிருக்காது. குழந்தை அவள் தோளில் துணி போலக் கிடந்தது. இரண்டு பஸ் மாறி வந்தேன் என்றாள். வட்டத்துக்குள் உட்கார்ந்து குழந்தையை மண்ணில் கிடத்தினாள். மாமா மோட்டார் ரூமிலிருந்து வந்துகொண்டிருந்தவர், தூரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு வேகமாக வந்தார். குழந்தையின் தலைக்குக் கீழே கையை விட்டுத் தூக்கினார். தலை மட்டும் வளையாமல், உடம்பே பலகை மாதிரி எழுந்தது. அந்தக் கழுத்தை அவருக்குத் தெரியும்.

"டாக்டரு என்ன சொன்னாருங்க அம்மிணி?" என்றார்.

"இன்னும் காட்டலீங்க. முந்தாநேத்து இருந்தே காச்சல். இங்க வந்து ஒரு சுத்து சுத்துனா எறங்கிரும்னு எங்க பக்கத்துல சொன்னாங்க. உங்க பொண்ணும் இப்படித்தான் இருந்துச்சாமுங்க. நெசந்தானுங்களா?"

மாமா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். நான் அந்தப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவள், "சுத்தலீங்களே, இன்னும் சுத்தலீங்களே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதே ஆசுபத்திரி. அதே கண்ணாடி. மாமா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற இடம்கூட அதேதான். அந்தக் குழந்தை மறுநாள் இறந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் மாமாவிடம் வந்து, தப்பாக ஏதும் செய்துவிட்டேனா, எந்தக் கல்லிலிருந்து சுற்ற ஆரம்பித்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

ஊருக்கு வந்த மாமா அன்று முழுக்கப் படுத்துக் கிடந்தார். மறுநாள் காலையில் டிராக்டரில் சங்கிலியை மாட்டினார். எனக்கு ஆள் விட்டிருந்தார். நான் போனபோது அக்கா காட்டில் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல் வேலையைக் கண்டு எரிந்து விழுந்தவள் அவள். குழந்தை கண் திறந்தது மருந்தாலும் நர்சுகளாலும்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டவள். இப்போது அவள்தான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

"ஏனுங்க, வேண்டாமுங்க. இருந்துட்டுப் போகட்டும். சுத்தியும் கம்பி வேலி போட்டுப் போடலாம்."

"வேலி போட்டா வேலிக்கு வெளிய நின்னு கும்புடுவாங்க."

"நம்ம பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்."

"நான் நம்புலீங்க. சத்தியமா எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஆனா பயமா இருக்குதுங்க."

"எனக்கும்தான்" என்றார் மாமா. சங்கிலிக்குக் கையை நீட்டினார். "அந்தக் கொழந்தைக்கு அடுத்தாப்பல இன்னொண்ணு வரும். அது வந்து இந்த மண்ணுல கெடக்கறதுக்கு முன்னால எடுத்துப் போடோணும்."

அக்கா உடனே சங்கிலியை விட்டுவிடவில்லை. பாப்பா வாசற்படியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கற்களுக்கு முன்னால் கிடந்த அகல்களை முந்தானையில் பொறுக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்க நாங்கள் அந்தக் கற்களை இழுத்தோம். ஜேசிபி கூப்பிடலாம் என்றேன், மாமா வேண்டாம் என்றார். ஒவ்வொரு கல்லும் மண்ணை விட்டு எழும்போது அவர் ஒரு தடவை வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். பனைமரத்தடியில் முதலிலிருந்தே நின்ற மூன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் வாய்க்கால் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். யாரும் சுற்றி வர முடியாதபடி, வெறும் கற்குவியலாக. நடுவில் மண்ணுக்கடியில் யார் இருந்தார்களோ அவர்களை நாங்கள் தொடவில்லை. அந்தத் துண்டு நிலத்தில் ஏர் ஓட்டுவதையும் மாமா அதோடு நிறுத்திவிட்டார். இன்றைக்கு அங்கே வெறும் கோரைப்புல்தான்.

சித்திரபுரத்துக்காரருக்கு அன்று சாயங்காலமே மாமா போனில் சொன்னார். எதிர்முனையில் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தன்னுடைய வரைபடங்களை எல்லாம் போனிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிட்டதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். மலைமேல் முனியறைகளைப் பார்க்க மட்டும் இன்னும் போகிறாராம். கோடு இழுப்பதில்லையாம். உட்கார்ந்துவிட்டு வருவாராம்.

பாப்பா இப்போது பெரிய வகுப்புக்குப் போகிறாள். கால் இன்னும் லேசாக இழுக்கும், பேச்சு கொஞ்சம் நின்று நின்று வரும், ஆனால் கணக்கில் என்னை மடக்குவாள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளில் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் நான் அக்கா வீட்டிலேயே இருந்தேன். கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அந்தப் புல்வெளி தெரியும். யாரும் அதைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மாமா அவள் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழுத்துக்குக் கீழே கையை விட்டு விட்டுத் தலை வளைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சலித்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டால் அக்கா எழுவதற்குள் அவரே எழுந்து ஓடினார், ஒரு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அவள் வாயில் வைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. பசிக்குது என்றாள். அக்கா ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். எதனால் விட்டது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.